அண்ணன் வெளுத்த கத்தி

எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கறுப்பாக இருந்ததால்தான் எனக்கென்று இருந்தது.

மற்றதெல்லாம் பொது. என் சீப்பு பொது. என் குடை மழைக்காலம் தொடங்கிய அன்றே அண்ணனுடன் கிளம்பிவிடும். மழை விட்டபின் ஒரு கம்பி வளைந்து வீடு திரும்பும். என் தலையணை விருந்தாளிகளுக்குப் போகும். அவர்கள் ஊருக்குப் போன பிறகு அவர்கள் எண்ணெய் வாசத்தோடு என்னிடம் வரும். "பாப்பாவோடதுதானே, எடுத்துக்க" என்பது எங்கள் வீட்டில் அன்றாடம் ஓதப்படும் மந்திரம்.

பாப்பா என்பது நான்தான். நாற்பத்தெட்டு வயது. பத்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைத் தெருவே எனக்காக யோசித்துவிட்டதால் நான் தனியாக யோசித்ததில்லை. திருக்காட்டுப்பள்ளியில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்பவர். நான் இருவருக்கும் நடுவில் ஓரமாக இருப்பவள். அதிகம் பேசமாட்டேன். பேசக்கூடாது என்றில்லை. ஒரு வாக்கியத்தை மனதில் சரிசெய்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

காவிரிப் படுகைத் தோட்டங்களிலிருந்து வாழை இலை வந்து இறங்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. இலையைப் பிரித்து, கிழிசலை ஒதுக்கி, நடுநரம்பின் தடித்த பாகத்தைச் சீவி, நுனியோடு இருக்கும் தலைவாழை இலையைத் தனியாகவும், நுனியில்லாத ஏட்டைத் தனியாகவும் கட்டாகக் கட்ட வேண்டும். தஞ்சாவூர் மண்டபங்களில் ரசம் ஓடிப்போய்ச் சம்பந்தி மடியில் விழாமல் இருக்கிறது என்றால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வேலைக்கான கத்திதான் நான் சொல்ல வந்தது. மடக்குக் கத்தி. மரக் கைப்பிடி. அலகு எவர்சில்வர் இல்லை, பழைய மாதிரி எஃகு. தஞ்சாவூரில் கீழே சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தவரிடம் நானே போய், நானே கையை நீட்டி, "இது வேணும்" என்று சொல்லி வாங்கினேன். நான் வாய்விட்டு "வேணும்" என்று சொன்ன சந்தர்ப்பங்களை எண்ண ஒரு கை போதும். அதில் அது ஒன்று.

வாங்கும்போது அது வெள்ளை வெளேரென்று இருந்தது. வாழைக் கறை பட்ட முதல் வாரமே திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறமானது. அடுத்து ஊதா, அப்புறம் நீலம், கடைசியில் காக்கையின் கழுத்து மாதிரி ஒரு மினுமினுப்பான கறுப்பு. கூர் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது. கடை முதலாளி அதிகம் பேசாத மனிதர். அதனால்தான் அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்க்கிறேன். அவர் ஒரு நாள் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோசைக்கல்லு பழகின மாதிரி பழகியிருக்கு. இதத் தேச்சுடாத. இந்தக் கறுப்பு இருக்கற வரைக்கும் துரு அண்டாது."

வீட்டில் அந்தக் கறுப்புக்கு வேறு பேர். "கருமம், எங்கேருந்து எடுத்துட்டு வந்த? பாத்தாலே வயித்தப் பொரட்டுது" என்பார் அண்ணி. அதனால் அதைத் தொடமாட்டார். அண்ணன் பார்சல் பிரிக்க அரிவாள்மனையைத் தேடுவாரே தவிர என் கத்தியைக் கேட்கமாட்டார். எதிர்வீட்டு அக்கா, எங்கள் வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் இரவல் வாங்கிப் போகக்கூடியவர், அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் சுருக்குப்பையில் அது மட்டும் நிம்மதியாக இருந்தது. அதைப் பார்த்து நானும்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே அண்ணியிடம் ஒரு இரும்புத் தோசைக்கல் இருக்கிறது. என் கத்தியைவிடக் கறுப்பு. அதை யாராவது சோப்புப் போட்டுத் தேய்த்தால் வீடு இரண்டுபடும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் உதவி செய்கிறேன் என்று அதன்மேல் கம்பி நாரை வைத்தாள். அவள் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. தோசைக்கல்லின் கறுப்பு பதினெட்டு வருடப் பக்குவம். என் கத்தியின் கறுப்பு கருமம்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் செல்போனில் கற்றுக்கொள்ளாத துறை இல்லை. முழங்கால் வலிக்கு மருந்து, மாடியில் தக்காளி, விமானம் ஏன் கீழே விழுவதில்லை, எல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் மாடி இல்லை, அது வேறு. அன்று காலை அவர் பார்த்தது ஒரு துருப்பிடித்த கத்தியை ஒருவர் புதிதாக்கும் வீடியோ. கத்தி பளபளவென்று ஆனதும் அண்ணன் நிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காதவரைத் தேடும் பார்வை.

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் சுருக்குப்பையிலிருந்து கத்தி போய்விட்டது.

வெளியே வந்தபோது அண்ணன் கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒரு கிண்ணத்தில் புளியும் உப்பும் கரைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இங்க வா. உன் கத்தி எவ்வளவு துருவேறிக் கெடக்கு பாரு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அண்ணன் ஒருத்தன் இருக்கேன்ல?"

துரு சிவப்பாக இருக்கும், உதிரும். இது கறுப்பு, உதிராது. இது துரு வராமல் இருக்கத்தான் இருக்கிறது அண்ணே. இதுதான் நான் சொல்ல நினைத்த வாக்கியம். கொஞ்சம் நீளமானது. நான் "துரு" என்பது வரை வந்தேன்.

"ஆமா, துருதான். அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணன்.

அண்ணி புளியைத் தேய்த்தார். அண்ணியின் உலகத்தில் புளியால் வெளுக்காத உலோகம் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு, செம்புப் பானை, மணி எல்லாம் புளி போட்டுத்தான் பொன்னாகும். இரும்புக் கடாயில் புளிக்குழம்பு வைத்தால் கறுத்துப்போகும் என்பதும் அண்ணிக்குத் தெரியும், அதனாலேயே வைக்கமாட்டார். ஆனால் அது சமையல், இது பூஜை.

தேய்த்துக் கழுவிப் பார்த்தால் கத்தி முன்னைவிடக் கறுப்பாக இருந்தது. கூரிலிருந்த வெள்ளைக் கோடும் மங்கிப்போயிருந்தது.

"என்னங்க இது, இன்னும் கறுக்குது?"

"அழுக்கு உள்ளேருந்து வெளிய வருது" என்றார் அண்ணன், டாக்டர் மாதிரி. "இன்னுங் கொஞ்சம் ஊற வை."

ஊற வைத்தார்கள். இன்னும் கறுத்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். இன்னும். அழுக்குக்கு உள்ளே ஒரு ஊற்று இருக்கிறது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பற்பசை, அடுப்புச் சாம்பல், எங்கள் தெருவில் யாரோ சொன்னார்கள் என்று செங்கல் தூள். நான் சமையலறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன். கத்தி என் கட்சியில் இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் அண்ணன் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனார். ஒரு கட்டு உப்புத்தாளோடு வந்தார். சொரசொரப்பானது, நடுத்தரம், மெல்லிசு. இனி கத்தியின் கட்சி எடுபடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணி வரை தேய்த்தார். அவர் அவ்வளவு நேரம் ஒரு வேலையைத் தொடர்ந்து செய்து நான் பார்த்ததில்லை. கறுப்பு போனது, நீலம் போனது, ஊதா போனது. கூரையும் விட்டுவைக்கவில்லை; அதன்மேலேயே தாளை வைத்து இழுத்ததில் அது மழுங்கிக் கரண்டிக் காம்பு மாதிரி ஆனது. கடைசியில் அலகை முகத்துக்கு நேரே பிடித்துத் தன் மீசையைப் பார்த்தார்.

"மீச தெரியுதுடி!"

அண்ணி வந்து அதில் தன் மூக்குத்தியைப் பார்த்தார். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் அதில் பல்லைப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா, எப்படி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கத்தி செய்த வேலைகள் இவை: அண்ணன் ஒரு பார்சல் பிரித்தார். அண்ணி வெள்ளரிக்காய் நறுக்கினார். எதிர்வீட்டு அக்கா பூஜைக்கு மாவிலைக் காம்பு நறுக்க வாங்கிப் போய், அதோடு நிற்காமல் ஒரு கயிற்றையும் அறுத்துவிட்டுக் கொண்டுவந்தார். திரும்பி வந்ததும் அண்ணன் மறுபடி ஒரு தடவை மெல்லிசுத் தாள் போட்டுத் துடைத்தார். "பாப்பாவோடதுதானே" என்று யாரும் சொல்லக்கூட இல்லை. வெளுத்ததும் அது பாப்பாவுடையதே இல்லை என்றாகிவிட்டது.

மறுநாள் பூஜையில் கத்திதான் முதல் வரிசை. அதுவரை ஒவ்வொரு வருடமும் முதல் வரிசையில் இருந்த அண்ணனின் கண்டக்டர் விசில் இரண்டாவது வரிசைக்குப் போனது. அதற்கும் பின்னால் அரிவாள்மனை, ஸ்குரு டிரைவர், மொபெட் சாவி, செல்போன். அண்ணன் சந்தனத்தைக் குழைத்து, அலகில் பெரிதாக மூன்று வட்டம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது. வெளியே புரட்டாசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவரில் கை வைத்தால் ஈரம். அந்த வீட்டில் அன்று காய்ந்திருந்த ஒரே பொருள் என் தொண்டை.

விஜயதசமி காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பூஜை இடத்திலிருந்து அண்ணியின் குரல்.

"என்னங்க, ஓடி வாங்க! பொட்டு போகமாட்டேங்குது!"

ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்திருக்கிறார். சந்தனம் வந்துவிட்டது, குங்குமமும் வந்துவிட்டது. ஆனால் அதே மூன்று இடத்தில், அதே வட்டத்தில், சிவப்பாக மூன்று பொட்டு அலகிலேயே பதிந்திருந்தது. அண்ணி அழுத்தித் துடைத்தார். போகவில்லை. அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா கூப்பிடாமலே வந்தார்.

"அம்மா தாயே! ஆத்தாளே வந்து கையால வச்ச மாதிரி இருக்கே!"

நான் இரண்டு கையிலும் டம்ளரோடு நின்றேன். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரியும். கறுப்பைச் சுரண்டி எடுத்த பச்சை எஃகில் ராத்திரி முழுக்க ஈரச் சந்தனத்தை அப்பி வைத்தால் வேறென்ன ஆகும்? முந்தாநாள் வரை இல்லாத துருவை, துருவை எடுக்கிறேன் என்று சொல்லி, அண்ணன் தன் கையாலேயே வட்டம் வட்டமாக நட்டு வைத்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காபி ஆறிடும்" என்றேன்.

கத்தி என் பைக்குத் திரும்பவில்லை. அம்மன் படத்துக்குக் கீழே ஒரு வெற்றிலையின்மேல் குடியேறியது. தினமும் அதற்குப் பூ. தினமும் தீர்த்தம் தெளித்தார்கள். தண்ணீர் தெளித்தால் துரு என்ன செய்யுமோ அதைச் செய்தது. நான்காம் நாள் எதிர்வீட்டு அக்கா கண்டுபிடித்தார்:

"பொட்டு வளருது!"

அதன்பிறகு தெருவே வர ஆரம்பித்தது. அண்ணனுக்கு அந்த ஒரு வாரம் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். "கறுப்புன்னா கறுப்பு, அப்படி ஒரு கறுப்பு. பாப்பா அத எப்படித்தான் வச்சிருந்துச்சோ! எனக்குக் காலையிலேயே மனசுல தோணிச்சு, இதத் தேய்டான்னு. யார் சொன்னா? நான் சொல்லல, உள்ளேருந்து ஒரு குரல்." செல்போனிலிருந்து வந்த குரலை நானும் கேட்டேன், அது இந்திக்காரர் குரல். கூட்டம் சேர்ந்தால் அண்ணனுக்குப் பழைய உத்தியோகம் வந்துவிடும். "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் இருக்கு பாருங்க, பாத்தவங்க எறங்குங்க" என்று ஒழுங்குபடுத்துவார். விசில் ஒன்றுதான் ஊதவில்லை.

கடையில் என் நிலைமை வேறு. பொதுக் கத்தி ஒன்று இருந்தது, எவர்சில்வர், ஆளுக்கு ஆள் கைமாறி எந்தக் கைக்கும் பழகாதது. நரம்பைச் சீவப் போனால் இலைக்குள் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு நான் ஒதுக்க வேண்டிய கிழிசலைவிட நான் உண்டாக்கிய கிழிசல் அதிகமானது. முதலாளி இரண்டு நாள் பார்த்தார், மூன்று நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கிழிந்த ஏட்டைக் கையில் எடுத்தார்.

"உன் கத்தி எங்க பாப்பா?"

"வீட்ல இருக்கு."

"வீட்ல எதுக்கு இருக்கு?"

சாமியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது. அடுத்த இலையை எடுத்தேன். "மயிலாடுதுறை ஆர்டர் ஒண்ணு வருது, எல்லாம் தலைவாழை இலை. இப்படிக் கிழிச்சா ஒன்ன வெறும் கட்டுக் கட்டத்தான் வைக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். ஆனால் வேலை மட்டுமில்லை என் கவலை. துரு நின்ற இடத்தில் நிற்காது, உள்ளே தின்னும். தினம் ஒரு தீர்த்தம் என்று இன்னும் பத்து நாள் போனால் பொட்டு இருக்கும் இடத்தில் குழிதான் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கத்தியைத் தேய்த்தும் பயனில்லை, தீட்டியும் பயனில்லை. என்னுடையது என்று ஒன்று இருந்தது. அதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து கும்பிட்டே கொன்றுகொண்டிருந்தார்கள்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை அண்ணனிடம். நனைந்துகொண்டே நடந்தேன். வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டு போனேன். நீளமாக இருந்தால் முடிக்க விடமாட்டார்கள் என்பதால் வெட்டி வெட்டிச் சின்னதாக்கினேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது இரண்டு வார்த்தைகள்தான் மிச்சம் இருந்தன.

உள்ளே ஆறேழு பெண்கள். விளக்கு ஏற்றியிருந்தது, சாம்பிராணிப் புகை. அண்ணன் கத்திக்கு வெள்ளியில் கவசம் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கொண்டையை அவிழ்த்து முடியைப் பிழிந்துவிட்டு அப்படியே உள்ளே போனேன். குளிரில் உடம்பு நடுங்கியது. பல் கிட்டித்தது. கையெல்லாம் வாழைக் கறை.

"துருண்ணே அது!" என்றேன்.

எனக்குக் குரலை உபயோகித்துப் பழக்கமில்லை. எவ்வளவு சத்தம் வைப்பது என்று தெரியாமல் நிறைய வைத்துவிட்டேன். வீடு அதிர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஈரத் தலை, விரிந்த கூந்தல், நடுங்குகிற உடம்பு, இத்தனை வருடம் சத்தம் போடாத வாய். எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துட்டா! பாப்பா மேல ஆத்தா வந்துட்டா!"

"இல்ல, துரு" என்றேன். "தண்ணி தெளிக்காதீங்க."

"தண்ணி வேணாங்கறா! பாலு ஊத்தச் சொல்றா போல!"

அண்ணி என் காலில் விழுந்தார். இருபத்தாறு வருடத்தில் அண்ணி எனக்கு ஒரு தலைவலித் தைலம் தேய்த்துவிட்டதில்லை. நான் பின்னால் நகர்ந்தேன். அதுவும் சாமி ஆடுவதாகத்தான் அவர்களுக்குப் பட்டது. அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு கண் கலங்க நின்றார்.

"என்னை அண்ணன்னு கூப்பிட்டா பாத்தியா! அம்மனே என்னை அண்ணன்னு கூப்பிட்டா!"

"நான் பாப்பாண்ணே."

"பாப்பா வாயால பேசற, தெரியுது தாயே. என்ன வேணும்னு சொல்லு தாயே. தெரியாம ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுரு."

இரண்டு தடவை உண்மையைச் சொல்லியாயிற்று. உண்மை சொன்னால் இவர்கள் கற்பூரம் ஏற்றுகிறார்கள். மூன்றாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் என் வாழ்நாளில் முதல்முறையாக அந்த வீட்டில் ஒருவர் என்னைப் பார்த்து "என்ன வேணும்" என்று கேட்டிருக்கிறார். கேள்வி வேறு ஆளுக்குத்தான். அதற்காகப் பதில் சொல்லாமல் விட முடியுமா?

"என் கத்தி வேணும்."

"இந்தா தாயே." வெற்றிலையோடு கையில் வைத்தார்கள்.

"இனிமே யாரும் இதத் தொடக்கூடாது."

"தொடமாட்டோம்."

"உப்புத்தாள் போடக்கூடாது."

அண்ணன் ஒரு கணம் தயங்கினார். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. "போடல தாயே" என்றார்.

குடையையும் கேட்டிருக்கலாம். அம்மன் குடை கேட்டால் சந்தேகம் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். நெற்றி நிறைய விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து, உட்கார வைத்து விசிறினார்கள். குளிரில் நடுங்குகிறவளுக்கு விசிறி. ஆனாலும் அன்று எனக்குச் சூடாகப் பால் வந்தது, ஆடையோடு.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பப் பார்த்துவிட்டேன். துரு என்றேன், துருதான். பாப்பா என்றேன், பாப்பாதான். என் கத்தி என்றேன். எனக்குத் தராததை ஆத்தாளுக்குத் தந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் கத்தியைக் கடைக்கு எடுத்துப் போனேன். முதலாளி மூன்று சிவப்பு வட்டத்தையும் பார்த்தார், மழுங்கின கூரைப் பார்த்தார், என் நெற்றியில் மிச்சமிருந்த விபூதியைப் பார்த்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் சாணைக்கல்லும் எடுத்துக் கொடுத்தார். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துணியால் பொறுமையாகத் தேய்த்தேன். அவசரப்படாமல், துரு இருக்கும் இடத்தில் மட்டும். இரண்டு வட்டம் போய்விட்டது. ஒன்று மட்டும் குண்டூசித் தலை அளவுக்குக் குழியாக நின்றுவிட்டது, இன்னும் இருக்கிறது. கூரைக் கல்லில் தீட்டி எடுக்க இரண்டு மத்தியானம் ஆனது. அப்புறம் ஒரு வாழைத் தண்டில் அலகு முழுவதும் மறையக் குத்தி வைத்துவிட்டு இலை கட்டப் போனேன். சாயங்காலம் இழுத்துப் பார்த்தால் ஊதாத் திட்டு. துடைத்து, மறுநாளும் குத்தி வைத்தேன். மயிலாடுதுறை ஆர்டர் முடிந்தபோது நீலமாகியிருந்தது. பொங்கலுக்குள் காக்கைக் கழுத்து வந்துவிட்டது.

இப்போதும் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. முன்பு அருவருப்பு, இப்போது பக்தி. என் சுருக்குப்பை ஆணியில் தொங்கினால் அண்ணி சுற்றிக்கொண்டு போகிறார். கறுத்துவிட்டதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "காளியா மாறிட்டா" என்று சொல்லித் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு எந்தப் பேரானாலும் சரி.

ஆனால் அண்ணனிடம் உப்புத்தாள் மிச்சம் இருந்தது. சொரசொரப்பானதில் இரண்டு, மெல்லிசில் மூன்று. சத்தியம் செய்துகொடுத்த கை சும்மா இருக்குமா? மாசி மாதம் அண்ணி தங்கை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போயிருந்தார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், அண்ணன் சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிக்கெட் எடுக்காதவரைத் தேடும் அதே பார்வை. அது போய் நின்ற இடம் தோசைக்கல்.

"பாப்பா, இதப் பாரேன். எவ்வளவு கறுப்பு! உங்க அண்ணி பாத்தா அசந்துபோகணும்" என்றார். கையில் உப்புத்தாள். என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று.

என்னிடம் வாக்கியம் தயாராகவே இருந்தது. சின்னதும்கூட. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தலை காய்ந்திருந்தது, கொண்டை போட்டிருந்தேன், உடம்பு நடுங்கவில்லை. பாப்பா சொல்லி அந்த வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்?

"நேரமாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணி திரும்பி வந்த அன்று நடந்ததை எழுத இந்தப் பக்கங்கள் போதாது. அதற்கப்புறம் ஐந்து வாரம் எங்கள் வீட்டில் தோசை கல்லைவிட்டு வரவில்லை. ஐந்து வாரமும் உப்புமாதான். நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.